பியானோ வாசித்தவருக்கு

அன்புள்ள பியானோ கலைஞருக்கு,

வணக்கம். நேற்று மாலை ரோமில் அந்தச் சின்ன தேவாலயத்தில் நடந்த ஆபரா (மேலைநாட்டு இசை நாடகம்) பாடல் கச்சேரியில், உங்கள் விரல்கள் தெரிகிற பக்கமாக உட்கார்ந்திருந்தேன். பூச்செண்டு பாடகர்களுக்குப் போனது. சரி, அவர்கள் அருமையாகவே பாடினார்கள். ஆனால் மேடையில் ஆர்கெஸ்ட்ரா இல்லை. அதன் வேலை முழுவதையும் நீங்கள் ஒருவரே செய்தீர்கள்.

முதலில் 'ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா' பாடல். இசையமைப்பாளர் தோனிசெத்தி 1832-இல் அதை எழுதியபோது முன்னிசையைப் பஸூனுக்குக் கொடுத்தார். ஊதும் வாத்தியம், ஸ்வரத்தை நீட்டலாம், நடுவில் பெருக்கலாம். பியானோவிலோ கட்டையை அழுத்திய உடனேயே ஒலி தேய ஆரம்பித்துவிடும். நீங்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும், முந்தையது தேய்ந்து நின்ற அளவுக்கே மெதுவாகத் தொட்டீர்கள். இசையின் இழை எங்கும் அறுபடவில்லை.

அப்புறம் புச்சினியின் 'டோஸ்கா' ஆபராவிலிருந்து ஒரு பாடல். 1900 ஜனவரியில் இதே ரோமில்தான் அது முதலில் மேடையேறியது. மூன்றாம் அங்கத்தின் கதை நடக்கும் காஸ்தெல் சாந்தாஞ்சலோ கோட்டையும் இங்கேதான் இருக்கிறது. விடிந்தால் மரண தண்டனை. அந்த நேரத்தில் கதாநாயகன் கவரடோஸி பாடுகிற 'ஏ லுச்சேவான் லே ஸ்தெல்லே'யில் மெட்டு முதலில் பாடகரிடம் இல்லை, கிளாரினெட்டிடம் இருக்கிறது. அவர் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் முணுமுணுக்க, அழுகையெல்லாம் வாத்தியத்தில் நடக்கிறது. நேற்று அந்த அழுகை உங்கள் வலது கையில் இருந்தது. பக்கவாத்தியம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது, புச்சினியின் இன்னொரு ஆபராவான 'லா போயெம்'மில் காதலர்கள் மிமியும் ரொடால்ஃபோவும் பாடும் டூயட்தான். முடிவில் இருவரும் பாடிக்கொண்டே வெளியே போய்விட்டார்கள். இரண்டு பேருடைய மூச்சையும் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டுமே பிடித்து வாசித்தீர்கள். புச்சினி எழுதியபடி கடைசியில் வரும் உச்ச 'சி' ஸ்வரம் மிமிக்கு மட்டுமே உரியது. ரொடால்ஃபோ கீழே 'ஈ' ஸ்வரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பாத்திரத்தைப் பாடும் பல டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்கள்) தாங்களும் மேலே ஏறிவிடுவார்கள். உங்கள் டெனர் ஏறவில்லை. அதனால்தான் அடியில் நீங்கள் வாசித்த கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) எங்கள் வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டன.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கார்டுக்கு ஒலியை மென்மையாக்கும் இடது பெடலை மிதித்தீர்களா, அல்லது அத்தனை மென்மையும் விரலிலேயே இருந்ததா?

அன்புடன்,
இடப்பக்க வரிசையில் இருந்த ரசிகை