ரசவாத வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத பெரும்பான்மையினரே, அனைவருக்கும் வணக்கம். விதிப்படி சென்ற ஆண்டின் நடவடிக்கைகளைச் சமர்ப்பிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. எகிப்தில் கிடைத்த, லைடன், ஸ்டாக்ஹோம் என்று ஊர்ப்பெயரால் அழைக்கப்படும் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடிகள் பற்றி ஒரு கூட்டம். பொன் போல மின்னும் கலவை, போலி ரத்தினம், சாயம் என்று முழுக்க முழுக்கக் கைத்தொழில் குறிப்புகள். பலிபீடமும் வெட்டுண்ட பூசாரியும் கனவில் வரக்கண்ட பழைய ரசவாதி, எகிப்தின் பானோபோலிஸ் ஊர் சோசிமோஸ் பற்றி ஒன்று. உலோகங்கள் எல்லாம் கந்தகமும் பாதரசமும் கூடிப் பிறந்தவை என்ற, அரபு ரசவாதி ஜாபிரின் பெயரால் வரும் மரபு பற்றி ஒன்று. 1144இல் செஸ்டர் ஊர் ராபர்ட் என்ற ஆங்கிலேயர் அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்த ரசவாத நூல் பற்றிய கூட்டத்துக்குப் பேச்சாளர் வந்தார், கேட்பவர்கள்தான் குறைவு.

விதிவிலக்காக ஒரே ஒரு நாள் அரங்கு நிறைந்தது. ‘தங்கம் செய்ய முடியுமா?’ என்று அறிவிப்பில் போட்டிருந்தோம். முடியும், 1980இல் அணுவேதியியலறிஞர் கிளென் சீபோர்க் குழுவினர் துகள் முடுக்கியை வைத்துப் பிஸ்மத்திலிருந்து செய்தார்கள், ஆனால் கிடைத்தது கண்ணுக்கே தெரியாத அளவு, ஆன செலவோ தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு என்று பேச்சாளர் சொன்னதும் இடைவேளை விட்டோம். இடைவேளைக்குப் பிறகு வந்து உட்கார்ந்தவர்கள் வழக்கமாக வருபவர்கள் மட்டுமே.

இனி குறியீட்டு விளக்கப்படம். இதைப் பற்றி நான் இல்லாத இடங்களில் நிறையப் பேசப்பட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரசவாத நூல்களின் படங்களையும் குறிகளையும் ஒரே தாளில், விளக்கத்தோடு சுவரில் மாட்டும்படி அச்சிடுவது என்று செயற்குழு தீர்மானித்தது. தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது. மேல் வரிசையில் ஏழு கோள்களும் ஏழு உலோகங்களும்: சூரியனுக்குத் தங்கம், சந்திரனுக்கு வெள்ளி, புதனுக்குப் பாதரசம், வெள்ளிக்கோளுக்குச் செம்பு, செவ்வாய்க்கு இரும்பு, வியாழனுக்கு வெள்ளீயம், சனிக்கு ஈயம். இன்று ஆண், பெண் என்று போடும் குறிகள் இந்த வரிசையில் இரும்புக்கும் செம்புக்கும் உரியவை. அடுத்த வரிசையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்ற நிறப்படிகள், அதாவது உலையில் பொருள் படிப்படியாக மாறும் நிறங்கள். பிற்கால நூல்கள் பலவும் மஞ்சளைக் கழித்துவிட்டன, நீங்கள் ஏன் வைத்தீர்கள் என்று ஒரு உறுப்பினர் கடிதம் எழுதியிருந்தார். பழைய நூல்களில் இருக்கிறது, அதனால் வைத்தோம்.

பெரிய ஆட்சேபம் வேறு. இந்தப் படங்கள் எல்லாம் மனத்தின் பயணம், இதில் உலையையும் மூசையையும் (உலோகம் உருக்கும் கலத்தையும்) ஏன் இழுக்கிறீர்கள் என்று உறுப்பினர்களில் ஒரு சாரார் கேட்கிறார்கள். 1944இல் உளவியலறிஞர் யுங் உளவியலையும் ரசவாதத்தையும் சேர்த்து எழுதிய நூலை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நூலை நானும் படித்திருக்கிறேன். ஆனால் படத்தின் நடுவே இருக்கும் ஓநாயைப் பாருங்கள். பாசில் வாலன்டைன் என்ற பெயரில் 1599இல் வந்த ‘பன்னிரண்டு சாவிக’ளில் முதல் சாவி இது. அரசனின் உடலைச் சாம்பல்நிற ஓநாய்க்குப் போடு, அது தின்றதும் ஓநாயைத் தீயில் எரி, அரசன் மீள்வான், மூன்று முறை செய் என்கிறது. 1617இல் ஜெர்மானிய ரசவாதி மைக்கேல் மையர் வெளியிட்ட செப்புத்தட்டுப் படங்களிலும் இதே ஓநாய் இதே அரசனைத் தின்கிறது. அரசன் தங்கம். ஓநாய் அஞ்சனக்கல், அதாவது ஆண்டிமனியும் கந்தகமும் சேர்ந்த தாது. கலப்படத் தங்கத்தை அதோடு சேர்த்து உருக்கினால், தங்கத்திலுள்ள வெள்ளியையும் செம்பையும் கந்தகம் பற்றிக்கொண்டு கசடாக மேலே மிதக்கும். தங்கமும் ஆண்டிமனியும் கூடி அடியில் இறங்கும். அதைக் காற்றோட்டத்தில் காய்ச்சினால் ஆண்டிமனி வெண்புகையாகப் போய்விடும், தங்கம் மிஞ்சும். மூன்று முறை என்பதற்கும் காரணம் இருக்கிறது: ஒரே உருக்கில் கலப்படம் முழுக்கப் போகாது. செய்து பார்த்தவர் கை எழுதிய வரி அது.

நிறங்களும் அப்படியே. பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் இட்டு அரைத்தால் கறுத்த பொடி வரும். அதைக் குப்பியில் வைத்து எரித்தால் ஆவியாக மேலேறிக் கழுத்துப் பக்கம் சிவப்பாகப் படியும். ஒரே பொருள்தான், நிறம் மட்டும் வேறு. இதைக் கண்ணால் கண்டவனுக்கு இறந்து பிறப்பது பற்றிய பேச்சு தானாகவே வந்திருக்கும். (அரங்கிலேயே செய்து காட்டும்படி சிலர் கேட்டார்கள். பாதரச ஆவி நஞ்சு என்பதால் மறுத்தேன். அதற்கும் ‘செயலாளர் ஒத்துழைப்பதில்லை’ என்று பேச்சு.)

திருமூலரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டதை எல்லாம் பொன்னாக்கும் பரிசன வேதி போல, குரு தொட்ட உலகம் மும்மலம் நீங்கிச் சிவகதி அடையும் என்கிறார். உலோகம் மாறும் என்பது கேட்பவருக்கு முன்பே பழகிய பேச்சாக இருந்ததால்தான் அதை உவமையாக வைக்க முடிந்தது. உலையை எடுத்துவிட்டால் உவமையும் நிற்காது. ஆகவே விளக்கப்படத்தில் ஒவ்வொரு உருவத்துக்கும் அடியில் இரண்டு வரி வரும், ஒன்று உலைக்கு, ஒன்று உள்ளத்துக்கு. இரண்டாம் வரியைக் கேட்டவர்களுக்காகவே போட்டோம். அவர்கள் படத்தை வாங்கவில்லை.

கணக்கு. விவரமாகப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாக, வரவு சந்தாவிலிருந்து வந்தது, செலவு சந்தாவைத் தாண்டிப் போனது. வண்ண அச்சுக்கு ஆனது பெருஞ்செலவு என்று குறைப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்பவர்கள் பார்க்கலாம்.

நூலகத்திலிருந்து எடுத்துப் போன ‘மூட்டுஸ் லிபர்’ (‘ஊமை நூல்’) மறுபதிப்பு இன்னும் திரும்பவில்லை. 1677இல் லா ரொஷேலில் அச்சான அந்த நூலில் பதினைந்து படங்கள், படிப்பதற்கு எழுத்து என்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதை முடிக்க எவ்வளவு காலம்தான் வேண்டும்?

இடம் தந்தவர்களுக்கும், பேச்சாளர்களுக்கும், நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நியூட்டனை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். 1936 ஏலத்தில் சிதறிய அவருடைய ரசவாதக் கையெழுத்துப் பிரதிகளில் கணிசமான பகுதியைப் பொருளியலறிஞர் கெயின்ஸ் தேடி வாங்கிச் சேர்த்த கதை ஒரு கூட்டத்தில் முடியாது. இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் இன்றே பதிவேட்டை ஒப்படைக்கத் தயார். யாரும் இல்லையென்றால் நானே தொடர்வதில் தடையில்லை, ஆனால் இதே கையிருப்பை வைத்துக்கொண்டு தொடர முடியாது. விளக்கப்படங்கள் சில மீதமிருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்