இரவல் கேஜ் வாங்கியாவது பிரஷர் பார்

அன்பு மச்சான்,

நலம், நலமறிய ஆவல். இங்கே ஓமானில், சலாலாவில் சாரல் பிடித்துவிட்டது. மலை முழுக்கப் பச்சை, துணிதான் காய மாட்டேன் என்கிறது. ஷார்ஜா ஜூலை வெயிலில் நீ வண்டிக்கு அடியில் படுத்திருப்பதை நினைத்தால் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊரில் தங்கச்சி நிச்சயதார்த்தம் நல்லபடி முடிந்தது என்று அம்மா சொன்னார்கள். சந்தோஷம்.

நீ கேட்ட அந்த 2005 செவர்லே சில்வராடோ பிக்கப் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவ் போட்டால் மூன்று நாலு விநாடி கழித்துத்தான் கியர் பிடிக்கிறது, காலையில் இன்னும் மோசம், கியர் பெட்டியை இறக்கிப் பிரிக்கலாமா என்று கேட்டிருந்தாய். இறக்காதே, இப்போதைக்கு. அதிலிருக்கும் 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் இந்தப் புகாருக்கான காரணங்களில் பாதி, அடியிலுள்ள ஆயில் பான் தட்டைக் கழற்றினாலே கைக்கு எட்டிவிடும்.

முதலில், தாமதம் எந்த கியரில், எந்த நேரத்தில் என்று பிரித்துக்கொள். போன் ஸ்டாப்வாட்சை வைத்து, பிரேக்கை மிதித்தபடி, நியூட்ரலிலிருந்து டிரைவ், நியூட்ரலிலிருந்து ரிவர்ஸ் என்று தனித்தனியாக எடு. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒரு முறை, நன்றாக ஓடிச் சூடான பிறகு ஒரு முறை. ஒன்று, ஒன்றரை விநாடிக்குள் பிடித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘டொக்’ சத்தத்தை மட்டும் நம்பாதே. பின் ஷாஃப்ட் பெட்டிக்குள் சறுக்கி நுழையும் ஸ்லிப் யோக் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தாலும் இந்த வண்டி அப்படித்தான் தட்டும். ஆர்பிஎம் இறங்கி வண்டி இழுக்கத் தொடங்கும் நொடிதான் கணக்கு.

காலையில் மட்டும் தாமதம் என்றால் பலரும் உடனே ‘சீல் இறுகிப்போச்சு’ என்பார்கள். குளிர் நாட்டில் அது சரி. உன் ஊரில் இப்போது விடிகாலையிலேயே முப்பது டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் ரப்பர் அவ்வளவு விறைக்காது. அதனால் என் சந்தேகம், இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இரவில் பானுக்கு இறங்கிவிடுகிறது என்பதுதான். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாலையில் இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் எங்கே நிற்கிறது என்று குறித்துவை. காலையில் ஸ்டார்ட் செய்யாமலே மறுபடி பார். மட்டம் நன்றாக ஏறியிருந்தால் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு டிரைவ் போடு. டக்கென்று பிடித்தால் அதற்காகப் பெட்டியைப் பிரிக்கிற அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆயில் மட்டத்தை முறைப்படி பார்த்தாயா? சமதளத்தில், ஆயில் 82 முதல் 93 டிகிரி சூட்டில், பிரேக்கை மிதித்து எல்லா கியரிலும் மூன்று விநாடி நிறுத்தி, கடைசியில் பார்க்கில், இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். டாட்ஜ் ராமில் பழகிய கை நியூட்ரலில் பார்க்கும், இதில் பார்க்கில்தான். பான் கழற்றி மாற்றினால் சுமார் 4.7 லிட்டர் போகும், கன்வெர்ட்டரோடு சேர்த்து மொத்தம் 10.6 லிட்டர். ஆயில் டெக்ஸ்ரான் 6 ஊற்று. பழைய டெக்ஸ்ரான் 3 இருந்த இடத்தில் தாராளமாக ஊற்றலாம்.

போன மாதம் வேறு எங்கோ ஃபில்டர் மாற்றிய பிறகுதான் இது ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறாயே, கடிதத்திலேயே எனக்கு உறுத்தியது அதுதான். இந்தப் பெட்டிக்கு ஆழமான பான், ஆழமில்லாத பான் என்று இரண்டு உண்டு, ஃபில்டரும் அதற்கேற்ப இரண்டு. மாற்றிப் போட்டால் ஃபில்டர் வாய் ஆயிலைச் சரியாக எட்டாது. இன்னொன்று, ஃபில்டர் கழுத்து பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. ஃபில்டரை இழுக்கும்போது அது பம்பிலேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் புதியதைத் திணித்தாலும், ஸ்குரூ டிரைவரால் நோண்டித் துளையில் கோடு போட்டாலும், பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஆயில் நுரைக்கும், பம்ப் ‘ஙொய்’ என்று முனகும், பிரஷர் மெதுவாக ஏறும். கழுத்தை அழுத்தும்போது கையில் இறுக்கம் தெரிய வேண்டும்; தொளதொளவென்று நுழைந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்.

பானைக் கழற்றுவதற்கும் முன்னால், ஆயில் பிரஷர் பார்க்கும் கேஜ். நீ இதைத் தள்ளிப்போடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பெட்டியின் இடது பக்கம், ஷிஃப்ட் லிங்கேஜுக்கு மேலே ஒரு பிளக் இருக்கும், 1/8 அங்குல பைப் மரை. 400 பிஎஸ்ஐ கேஜை நீளமான ஹோஸோடு மாட்டி டிரைவர் சீட்டுக்குக் கொண்டுவா. பார்க்கில் வைத்து, ஸ்கேனரில் பிரஷர் சாலனாய்டுக்கு (கரன்ட்டால் ஆயில் பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) 0.98 ஆம்பியர் கொடுத்தால் 55–65, 0.02 கொடுத்தால் 170–190 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். கரன்ட் குறையக் குறைய பிரஷர் ஏறும். தலைகீழ் கணக்கு, குழம்பிவிடாதே. சாலனாய்டு ரெசிஸ்டன்ஸ் 3 முதல் 5 ஓம்.

இனி முக்கியமான காட்சி: டிரைவ் போட்ட நொடியில் முள் என்ன செய்கிறது? முள்ளே சோம்பிக் கிடந்து, அது ஏறிய பிறகுதான் வண்டி பிடிக்கிறது என்றால் கோளாறு ஆயில் வருகிற பக்கம்: மட்டம், ஃபில்டர், பம்ப், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வு. முள் உடனே சரியான இடத்தில் நின்று, வண்டி மட்டும் தாமதித்தால் ஆயில் கிளட்சுக்குப் போகிற வழியில் ஒழுகுகிறது. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் இறக்கினால், பிரித்த பிறகும் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் மொத்த கிட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

பிரஷர் குறைவு, ஃபில்டர் சரி என்றால் ரெகுலேட்டரைப் பார். பானும் ஃபில்டரும் கழற்றினால் பம்பின் அடியில் ஒரு ஸ்னாப் ரிங் தெரியும். ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும், ஸ்லீவை மேலே அழுத்திப் பிடித்தபடி ரிங்கை எடு, இல்லையென்றால் மூஞ்சியில் அடிக்கும். பிரஷரைக் கூட்டும் பூஸ்ட் வால்வும் ஸ்லீவும், ஸ்பிரிங்குகள், கடைசியாக ரெகுலேட்டர் வால்வு என்று வரும். வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கு. பூஸ்ட் வால்வு ஸ்லீவுக்குள் தேய்ந்து ஆடினால் ரிவர்ஸில் பிரஷர் ஏறாது, ரிவர்ஸ்தான் முதலில் தாமதிக்கும். மாற்ற வேண்டியது சின்ன உருப்படி, பெட்டி வண்டியிலேயே இருக்கும்.

பிரஷர் நன்றாக இருந்தும் டிரைவ் மட்டும் தாமதம் என்றால், முன்னே போகப் பிடிக்கும் ஃபார்வர்ட் கிளட்சுக்கு ஆயில் போகிற வழியில் கோளாறு. இறக்குவதற்கு முன் வால்வு பாடியில் இருக்கும் ஃபார்வர்ட் அக்யுமுலேட்டர் (கிளட்ச் அதிராமல் பிடிக்க உதவும் பிஸ்டன்) மூடியையும் அதன் பிஸ்டன் சீலையும் பார்த்துவிடு. அதுவும் சரியென்றால் இன்புட் டிரம்முக்குள் பிஸ்டன் சீல், டர்பைன் ஷாஃப்ட் டெஃப்லான் ரிங்குகள். அப்போதுதான் இறக்க வேண்டும்.

ரிவர்ஸ் மட்டும் தாமதம் என்றால் நெம்புகோலை 1-இல் போட்டு மெதுவாக ஓட்டி ஆக்சிலரேட்டரை விடு. இன்ஜின் பிரேக் கிடைத்தால் பின்னாலுள்ள லோ-ரிவர்ஸ் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. முன்னாலுள்ள ரிவர்ஸ் இன்புட் கிளட்சைச் சந்தேகி. அதை எடுக்கப் பம்பைக் கழற்றினால் போதும். லோ-ரிவர்ஸ் பிஸ்டன் சீல் என்றால் பெட்டி முழுக்கக் காலியாக வேண்டும். கூலி பேசுவதற்கு முன் இது தெரிந்திருப்பது நல்லது.

டிரைவ், ரிவர்ஸ் இரண்டிலும் தாமதம், பிரஷரும் குறையில்லை என்றால் ஷிஃப்ட் கேபிளைப் பார். நெம்புகோல் டி-யில் நின்றாலும் கேபிள் சரியாக இல்லையென்றால் உள்ளே அது நகர்த்தும் மேனுவல் வால்வு பாதி வழியில் நிற்கும்.

பானில் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு இருந்தால் பயப்படாதே, அது வழக்கம்தான். கறுப்புச் செதில், பித்தளைத் துகள், எஃகுச் சில்லு இதில் எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்பு. பான் போல்ட்டை 11 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்காதே, கேஸ்கெட் பிதுங்கிவிடும்.

கடைக்காரன் சீல் ஊதவைக்கும் டப்பா ஒன்றைக் கையில் திணிப்பான். சில வாரம் கியர் சரியாகப் பிடிக்கும், அதற்குள் உண்மையான காரணம் மறைந்துபோகும், வேண்டாம். ஸ்க்ராப்பில் பழைய பெட்டி வாங்கிப் போடலாம் என்று ஓனர் சொன்னாலும் அவசரப்படாதே. அதன் சீலுக்கும் இதே வயசுதான்.

சூடாகவும் ஆறியும் எடுத்த நேரம், டிரைவ், ரிவர்ஸ் பிரஷர், காலை டிப்ஸ்டிக் மட்டம், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் போடு. பழைய ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடாதே, கழுத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்