வொர்க் அவுட் பத்தி அப்பா எழுதறது

கண்ணம்மா,

நல்லா இருக்கியா? வேளாவேளைக்கு சாப்பிடு. நீ அனுப்பின மெசேஜ் பாத்தேன், "இட் டிட்ன்ட் வொர்க் அவுட் பா"ன்னு ஒத்த வரி, அதுக்கப்புறம் சத்தமே இல்ல, போன் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கற. இவ்ளோ படிச்ச பொண்ணு ரெண்டு வரி சேத்து எழுதக்கூடாதா? சரி விடு, தோண்டித் துருவல, எனக்கு தெரிஞ்சது கிராமர் தானே, அதையே பேசறேன்.

வொர்க் அவுட்னாலே இப்ப எல்லாருக்கும் ஜிம் தான் ஞாபகம் வருது. பெயர்ச்சொல்லா வந்தா சேத்து ஒரே வார்த்தையா எழுதணும், வினையா வந்தா பிரிச்சு எழுதணும், இத நீ எட்டாவதுலயே தப்பில்லாம எழுதுவ, உன் நோட்ட தான் கிளாஸ் பூரா காட்டுவேன். கணக்கு போட்டு விடை கண்டுபிடிக்கறதும் வொர்க் அவுட் தான். ஒரு ஆள் எவ்ளோ பழகியும் பிடிபடலன்னா "ஐ கான்ட் வொர்க் ஹிம் அவுட்"ம்பாங்க, அது பிரிட்டிஷ்காரங்க பேச்சு, அமெரிக்கால பிகர் அவுட்னு தான் ஜாஸ்தி சொல்லுவாங்க. ஹிம், இட், தெம் எல்லாம் நடுவுல தான் வரணும், "வொர்க் அவுட் ஹிம்"னு எழுதினா மார்க் போயிடும். ரெண்டு பேர் உக்காந்து பேசி தீத்துக்கிட்டா "தே வொர்க்ட் இட் அவுட்". பேசி தீக்க முடியாதது ரொம்ப கொஞ்சம் தான்மா, சும்மா சொன்னேன்.

இதுலெல்லாம் செய்யறதுக்கு ஒரு ஆள் இருக்கு. நீ எழுதினதுல ஆளே இல்ல, ஏதோ அதுவா சரிப்பட்டு வராம போன மாதிரி, யார் மேலயும் பழி விழாத மாதிரி. வேலைக்கும் அப்படி சொல்லலாம், பிளானுக்கும் சொல்லலாம், இன்னும் எதுக்கு வேணா சொல்லலாம், அந்த இட் எதுன்னு தான் எனக்கு விளங்கல. அது போக, "இஸின்ட் வொர்க்கிங் அவுட்"னு போட்டிருந்தா இன்னும் இழுத்துட்டு இருக்குன்னு எடுத்துக்கலாம், டிட்ன்ட்னா முடிஞ்சே போச்சு. நீ டென்ஸ் தெரியாம எழுதற பொண்ணு இல்ல, அதான் ராத்திரி தூக்கம் பிடிக்க மாட்டேங்குது.

போன் எடு. பேச வேண்டாம், எடுத்தா போதும். வேளைக்கு சாப்பிடு.

அம்மாகிட்ட ஆபீஸ் விஷயம்னு சொல்லி வச்சிருக்கேன், கேட்டா நீயும் அதையே சொல்லு. மாப்பிள்ளைக்கு நான் போன் பண்ணல, நீ சொல்ற வரைக்கும் பண்ணவும் மாட்டேன்.

அப்பா