பாப்பா, பெல்ட் கட்டாமல் ஆற்றில் இறங்காதே

எமரால்டு,
ஆடி 3

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போனில் பேசினால் நாலு நிமிடத்தில் நமக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது. சாப்பிட்டீங்களா, மழையா, சரிப்பா வைக்கட்டுமா. இந்த இருபது நாளாக அதுவும் இல்லை. வேலை இருக்கும். இருக்கட்டும்.

நீ அனுப்பிய போட்டோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. வேடர் என்கிற, மார்பு வரை வருகிற தண்ணீர் புகாத உடுப்பைப் போட்டுக்கொண்டு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கிறாய். கையில் புதுத் தூண்டில் ராடு. அம்மா பார்த்துவிட்டு மெலிந்துவிட்டாள் என்றாள். என் கண்ணில் பட்டது வேறு. உன் இடுப்பில் பெல்ட் இல்லை. வேடரோடு ஒரு பெல்ட் கொடுத்திருப்பார்களே, எங்கே அது? கால் வழுக்கினால் மார்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பெல்ட் இறுக்கமாக இருந்தால் இடுப்போடு பெரும்பாலும் நின்றுவிடும், எழுந்து கரைக்கு வரலாம். இல்லையென்றால் இரண்டு காலும் தண்ணீர்க் குடம் மாதிரி கனக்கும். உங்கள் ஆறு பனிமலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர். விறைக்க நேரம் ஆகாது. பெல்ட் இல்லாமல் இறங்காதே.

மற்றபடி எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. டிரவுட் மீன் பேச்சு இந்த வீட்டில் என்னோடு முடிந்துபோகும் என்றுதான் இருந்தேன். மீன் பண்ணையில் வாட்சர் வேலை பார்த்தவன் மகள் கனடாவில் கல்கரிக்குப் போய் ‘போ’ (Bow) என்கிற ஆற்றில் ஃபிளை வீசுகிறாள். 1950களில் கனடாக்காரர்கள் உதவியோடு குந்தா நீர்மின் திட்டத்தில் அணை கட்டினபோது உன் தாத்தா இங்கே கல் சுமந்தார். அவர் இருந்திருந்தால் இந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியிருப்பார்.

மீன் ஒன்றும் சிக்கவில்லை, லைன் காலடியிலேயே சுருண்டு விழுகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான். மண்புழுத் தூண்டிலில் ஈயத்துக்கும் தக்கைக்கும் எடை உண்டு, அந்த எடை தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளைக்கு எடையே இல்லை, முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டின பொய்ப்பூச்சிதானே. இங்கே எடை லைனில் இருக்கிறது. நீ வீசுவது லைனை. ஃபிளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அதனால் கையைப் பலமாக ஆட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

ராடை மெதுவாகத் தூக்க ஆரம்பித்து வேகம் கூட்டிக்கொண்டே வந்து, உன் காதுப் பக்கம் வந்ததும் சட்டென்று நிறுத்து. கடிகாரத்தில் ஒரு மணி காட்டுகிற சாய்வு. அதற்கு மேல் பின்னால் சாயவிடாதே. அங்கே நிறுத்திக் காத்திரு. பின்னால் போன லைன் முழுக்க நீள வேண்டும். நான் மனதுக்குள் ‘இரு’ என்று சொல்லிக்கொள்வேன். லைன் நீண்டதும் ராடு பின்பக்கம் லேசாக இழுபடுவது உள்ளங்கையில் தெரியும். அது தெரிந்த பிறகு முன்னால் கொண்டு வந்து பத்து மணியில் நிறுத்து. உன் லைன் சுருண்டு விழுவது அந்த ‘இரு’ இல்லாததால்தான். நீ சின்ன வயதிலிருந்தே எதற்கும் காத்திருக்க மாட்டாய்.

பழக ஆறு வேண்டாம். பூங்காப் புல்வெளி போதும். ஃபிளைக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூலை ஒரு விரல் நீளம் கட்டிக்கொள். பதினைந்து அடி தூரத்தில் ஒரு தட்டை வைத்து அதில் நூல் விழும்வரை வீசு. தினமும் கால் மணி நேரம். குவார்ட்டர்ஸ் முன்னால் நான் அப்படித்தான் பழகினேன், நீ தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்ததா இல்லையா என்று சொல்வாய். லைசென்ஸ் வாங்கி மீன் பிடிக்க வந்த விருந்தாளி ஒருவர் முறித்துவிட்டுப் போன ராடு அது. நுனியில் ஒரு சாண் குறைவு. ஃபிளைகூட நானே கட்டினேன், நம் சேவலின் கழுத்து இறகை வைத்து. அந்தச் சேவல் மொட்டைக் கழுத்தோடு திரிந்ததற்கு அம்மா எனக்கு இரண்டு நாள் சோறு போடவில்லை. உனக்கு நினைவிருக்கும்.

முடிச்சு மட்டும் சரியாகப் போட வேண்டும். டிப்பெட், அதாவது லைன் முனையில் இருக்கிற மெல்லிய தங்கூசி, அதன் நுனியை முள்ளின் கண்ணில் கோத்து ஐந்து சுற்று சுற்றி, கண்ணுக்குப் பக்கத்து வளையத்தில் நுழைத்து, திரும்பப் பெரிய வளையத்திலும் நுழைத்து, வாயில் வைத்து ஈரமாக்கிவிட்டு இழு. உலர்ந்தபடி இழுத்தால் உரசிய சூட்டில் தங்கூசி பலம் போய்விடும். பெரிய மீன் சிக்குகிற அன்றுதான் அறும். முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்ளைக் குறட்டால் அமுக்கிவிடு. மீனுக்கும் நல்லது, உன் காதுக்கும் நல்லது. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி கட்டாயம். தண்ணீரின் பளபளப்பை மறைத்து அடிக்கல்லைக் காட்டும், திரும்பி வருகிற முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

அப்புறம் மீன் எங்கே நிற்கும் என்பது. நீ ஆற்று நடுவைப் பார்த்து வீசுகிறாய் என்று போட்டோவிலேயே தெரிகிறது. டிரவுட் சோம்பேறி இல்லை, ஆனால் கணக்குத் தெரிந்தது. வேகத் தண்ணீரில் நின்று பலத்தைச் செலவு செய்யாது. வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசிக்கொள்கிற கோடு ஒன்று இருக்கும், நுரை அதன்மேலேயே போகும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் மிதந்து வருவதை எட்டிப் பிடிக்கும். பெரிய கல்லுக்குப் பின்னாலும் முன்னாலும் நிற்கும். கரையோரம் முழங்கால் ஆழத்தில்கூட நிற்கும். நீ கால் வைப்பதற்கு முன்னால் அங்கே வீசியிருக்க வேண்டும். தலை எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத்தான் இருக்கும், அதனால் நீ பின்னாலிருந்து மேல்நோக்கிப் போ. உன் ஃபிளை தானாக மிதக்கிற பூச்சி மாதிரி போக வேண்டும். லைன் அதை இழுத்துக் கோடு கிழித்தால் மீன் திரும்பிப் பார்க்காது. லைன் நடுவில் வளைந்து முந்திக்கொண்டு போனால் ராடு நுனியால் அந்த வளைவை எடுத்து மேல்பக்கம் போடு.

ஆற்றில் ஒரு கல்லைத் தூக்கித் திருப்பிப் பார். அடியில் சின்னச் சின்ன மணலையும் குச்சியையும் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு ஒரு புழு இருக்கும். கேடிஸ் பூச்சியின் குஞ்சு. பக்கத்தில் மூன்று வாலோடு தட்டையாக ஓடுவது மேஃபிளைக் குஞ்சு. டிரவுட் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது. மேலே மிதக்கிற ஃபிளையை வந்து வாங்குவதைப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஆரம்பத்தில் பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டின, அடியில் போகிற நிம்ஃபையும் மேலே ஒரு தக்கையையும் கட்டிக்கொள். தக்கை நின்றாலோ நடுங்கினாலோ தூக்கு. ஏரிக்குப் போனால் கறுப்பு வூலி பக்கர் என்கிற ஃபிளை ஒன்று போதும், முங்கவிட்டு மெதுவாக இழு. ஏரியில் இறங்கவே வேண்டாம், கரையிலிருந்தே வீசலாம். உனக்கு ஏரியே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் ஊர் பிரவுன் டிரவுட் கதையைப் போன வருஷம் நீதான் சொன்னாய். 1925இல் குஞ்சு ஏற்றிக்கொண்டு போன வண்டி பான்ஃப் பக்கம் வழியில் நின்றுவிட, செத்துப்போகுமே என்று பக்கத்து ஓடையில் விட்டுவிட்டார்கள், அதன் வம்சம்தான் போ ஆறு முழுக்க என்று. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாங்களும் கேனில் குஞ்சு தூக்கிக்கொண்டு மேல் ஓடைக்கு நடந்தவர்கள். தண்ணீர் சூடாகிவிடுமோ என்று நிமிடத்துக்கு ஒருமுறை கை விட்டுப் பார்ப்போம். 1907இல் அவலாஞ்சியில் பண்ணை வந்ததிலிருந்து இதே வேலை. இங்கே இருக்கும் ரெயின்போ டிரவுட்டின் பூர்வீகம் உன் பக்கத்துப் பசிபிக் கடற்கரை ஆறுகள். ஊர் மாறி வந்தும் பிழைத்துக்கொண்டது.

அங்கே உள்நாட்டு மீன் புல் டிரவுட் என்றாயே, பிடித்தால் கட்டாயம் விட்டுவிட வேண்டும். முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இல்லாவிட்டால் விட்டுவிடு, யோசிக்கவே வேண்டாம். எந்த மீனையும் கையை நனைத்துவிட்டுத் தொடு. உலர்ந்த கை அதன் மேல் வழுவழுப்பை எடுத்துவிடும். போட்டோவுக்காக வெளியில் தூக்கி வைத்துக்கொண்டிருக்காதே. வெயில் நாளில் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் ராடை மடித்துவிடு. அந்தச் சூட்டில் பிடித்து விட்ட மீன் நீந்திப்போய்ச் சாகும், உனக்குத் தெரியாது. ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் போகும்போது பூட்ஸ் சேற்றைக் கழுவிக் காயவை. 2016இல் பான்ஃப் ஜான்சன் ஏரியில் கண்டுபிடித்தார்களே, குஞ்சைச் சுற்றிச் சுற்றி நீந்தவைத்துக் கொல்கிற நோய், அது சேற்றோடும் போகும்.

தனியாக இறங்காதே. யாரையாவது கூட்டிக்கொண்டு போ. விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதே, கால் கல்லிடுக்கில் மாட்டும். மல்லாந்து, கால் ஆறு ஓடுகிற பக்கம் இருக்க, மெல்லக் கரைக்கு ஒதுங்கு. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் அவலாஞ்சியில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, நான் முப்பது வருஷம் தாண்டிய ஓடை என்னைத் தெரியாத மாதிரி ஓடிற்று. தண்ணீருக்கு ஆள் தெரியாது.

அத்தை மகள் கல்யாணம் ஆவணியில். கேரட் விலை பரவாயில்லை. மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

பாப்பா, அந்தப் போட்டோவின் அடியில் மங்கலாக ஒரு கல் விளிம்பு தெரிகிறது. ஆறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. போனைக் கல்லின்மேல் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறாய். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு அது வந்தது செவ்வாய்க்கிழமை ராத்திரி 10:30 மணிக்கு. 11½ மணி நேரம் கழித்தால் உனக்குக் காலை 11. அதற்கு முந்தைய போட்டோ புதன். அதற்கும் முந்தையது வியாழன். அம்மா கேட்டாள், கம்பெனியில் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று நானே சொல்லிவிட்டேன். நீ சொல்லாத ஒன்றை நான் கேட்கப்போவதில்லை. நான் கேட்கத் தகுந்தவனும் இல்லை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், ராடு முடிச்சு என்று இத்தனை பக்கம் போய்விட்டது.

உன் தம்பி நம்மை விட்டுப் போன அந்த மார்கழி. பண்ணையில் முட்டை எடுக்கிற காலம். பெண் மீன் வயிற்றைத் தடவி முட்டையைத் தட்டில் விழவைத்து, ஆண் மீனின் பாலை அதன்மேல் பிழிந்து, இறகால் கலந்து, ஓடுகிற தண்ணீரில் தட்டு தட்டாக வைப்போம். தினமும் வெள்ளையாகிப்போன முட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வேண்டும், விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையும் போகும். பகல் முழுக்க அதைச் செய்துவிட்டு எனக்கு வீட்டுக்கு வர முடியவில்லை. ராத்திரி வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். ராத்திரி வேலை கிடையாது, பாப்பா. ஐந்து மணிக்கு விட்டுவிடுவார்கள். நான் அந்த ஓட்டை ராடை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய் இருட்டும்வரை வீசிக்கொண்டு நின்றேன். முள் கட்டவில்லை. வெறும் லைன். உறைபனியில் லைன் விறைத்துப்போகும், அப்போதும் வீசினேன். தை, மாசி வரை அப்படி.

வீட்டில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உனக்கு ஒன்பது வயது. உன் இடது மணிக்கட்டில் இருக்கிற தழும்பு கஞ்சி வடிக்கும்போது பட்டது என்று எல்லோரிடமும் சொல்வாய். ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் கஞ்சி வடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் ஏழரைக்கு வந்தேன். நீ கையை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாய். ‘வேலை முடிஞ்சுதாப்பா’ என்றாய். முடிஞ்சுது என்றேன்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துவிட்டு நீ சொல்வதென்றால் சொல்.

ஆற்றுக்குப் போகாதே என்று நான் எழுதவில்லை. போ. அந்தத் தண்ணீர்ச் சத்தம் நல்லது, எனக்குத் தெரியும். ஆனால் நீ எதற்குப் போகிறாய் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். நானாக இருக்க வேண்டும் என்றில்லை.

உன் லைன் 5ஆம் நம்பரா, 6ஆம் நம்பரா என்று எழுது. ராடில் எழுதியிருக்கும் நம்பரோடு சேர வேண்டும், சேராவிட்டால் நீ சரியாக வீசினாலும் லைன் ஒழுங்காகப் போகாது. போனைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறேன். 11½ மணிக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், எந்நேரமானாலும் அடி. பேச வராவிட்டால் பெல்ட் வாங்கிவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் போடு.

அன்புடன்,
அப்பா