அக்காவின் கவுண்ட்

அன்புள்ள கலா,

பதில் போடாததற்கு அப்புறம் திட்டிக்கொள். அக்காவை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடிய கதையை முதலில் கேள்.

கீமோ ஏற்றிய அடுத்த வாரம் காய்ச்சல், 101. இருமல், வலி எதுவும் கிடையாது. ரத்தத்தில் நியூட்ரோஃபில், அதாவது கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு, 200தான் இருந்தது. 1500க்குக் கீழே போனாலே குறைவாம். என்ன கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிசல்ட் வரும்வரைகூடக் காத்திராமல் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள்.

ஊசி குத்திய இடத்தைப் பார்த்து, "நல்லவேளை, சிவக்கவே இல்லை" என்றேன். டியூட்டி டாக்டர், சின்னப் பெண், "அதுதாம்மா பயம். சிவக்கவும் சீழ் பிடிக்கவும் அந்தச் செல்கள் இருக்கணுமே" என்றாள். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

அன்றிலிருந்து இதே கிறுக்குதான் எனக்கு. கிருமி நுழைந்தால் இந்தச் செல் ரத்தக்குழாய்ச் சுவரில் நெளிந்து வெளியே வருகிறது. தன் உடம்பையே நீட்டிக் கிருமியை வளைத்து, உள்ளே ஒரு பைக்குள் அடைக்கிறது. அப்புறம் அந்தப் பைக்குள் நொதிகளைக் கொட்டி, ஹைப்போகுளோரஸ் அமிலமும் தயாரிக்கிறது. நம் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் அதேதான்! அந்த அமிலத்தைத் தயாரிக்கும் நொதியே பச்சை நிறம். சீழில் பச்சை தட்டுவது அதனால்தான். கருவேலமுள் குத்திச் சீழ் வைத்து ஊரைக் கூட்டினாயே, அதில் கிடந்ததெல்லாம் உனக்காகச் செத்தவைதான்டி.

இதைக் கண்டுபிடித்ததும் ஒரு முள்தான். 1882இல் இத்தாலியின் மெசினாவில், கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார் மெச்னிகோவ் என்கிற விலங்கியல்காரர். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. 1908இல் நோபல். பரீட்சையில் அவர் பெயரை எழுதத் தெரியாமல் தவளைப் படம் போட்டுவைத்த விலங்கியல் மேதைக்கு இதைச் சொல்கிறேன் பார்!

சாதாரணமாக எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில் செய்கிறதாம். கீமோவுக்கு வேகமாகப் பெருகும் செல் எல்லாம் ஒன்றுதான், மஜ்ஜையையும் சேர்த்து அடித்துவிடுகிறது. கவுண்ட் ஏற ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அழுதாள். நம்மை அடித்து வளர்த்தவள், கலா. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

இப்போது 1800. வீட்டுக்கு வந்துவிட்டாள், ரசத்தில் உப்பு இல்லை என்று கத்துகிறாள். அடுத்த கீமோவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பார்க்க வருகிறேன் என்றாயே, ஜலதோஷம் இருந்தால் வாசல்படி ஏறாதே. செல்வியிடமும் சொல்லிவிடு. அவள் தும்மினால் பஸ்ஸே நிற்கும்.

உன்,
வசந்தி