பத்து மில்லிகிராம் பேனாவோடு பஸ்ஸில் வந்த தங்கச்சிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை கிளிநொச்சியில் கிளினிக் முடித்துக்கொண்டு பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். பக்கத்து சீற்றில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. மடியில் ஒரு குளிர்ப் பை, அதைச் சுற்றி உங்கள் பத்திரிகை. பையை வெயில் படாமல் அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே வந்தாள். "மீனா பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, காதுக்குள் சொன்னாள்: "இல்லை அன்ரி, மெலியிற ஊசி. கனடாவில இருந்து அக்கா ஒராளிட்டக் குடுத்துவிட்டவ."

அந்தக் குரலில் இருந்த வெட்கம் எனக்கு நல்ல பழக்கம். மெல்ல மெல்ல விசயத்தை எடுத்தேன். மௌஞ்சாரோ என்கிற ஊசி, முன்பு கிழமைக்கு 5 மில்லிகிராம் போட்டிருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து ஆள் வராததால் இரண்டு மாதம் ஒன்றும் போடவில்லை. இப்போது வந்திருப்பது 10 மில்லிகிராம் ஊசிப் பேனா. "சின்னவளின்ர பிறந்தநாள் முடியட்டும், பிறகு தொடங்கப்போறன்" என்றாள். "பொறு பிள்ளை, அதை அப்படியே போடாதை" என்று நான் சொல்லவும் பஸ் தர்மபுரத்தில் நிற்கவும் சரியாக இருந்தது. சனம் நெரிய, பையை அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பெயரும் கேட்கவில்லை, ரெலிபோன் நம்பரும் வாங்கவில்லை. அந்தப் பையைச் சுற்றியிருந்த பேப்பரை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் விசுவமடுவில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 61. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், நிறை 86 கிலோவாக இருந்தது. சீனி வருத்தம் பதினான்கு வருடமாக உண்டு, பிறஷரும் உண்டு. 2009 இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமுக்குள் போனபோது என் நிறை 41 கிலோ. கஞ்சிக்கு வரிசையில் நின்ற நான் பிறகு இவ்வளவு ஊதினேன் என்றால், பசித்திருந்த வயிறு ஒரு பிடி சோற்றையும் மிச்சம் வைக்க விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் தலைமுறையில் பல பெண்களுக்கு இதே கதை. கோப்பையில் சோறு மிஞ்சினால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதைக்கும்.

போன வருடம் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு இலண்டனிலிருந்து என் மச்சாள் வந்தாள். வாசலில் வந்து நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பதினெட்டுக் கிலோ குறைத்திருந்தாள். அதே மௌஞ்சாரோ ஊசி, கிழமைக்கு ஒருதரம். மருந்தின் பெயர் டிர்செபடைட். திரும்பிப் போகிற நாளில், "மச்சாள், இதில இன்னும் மூண்டு தரம் போடலாம், நீங்கள் வைச்சிருங்கோ. எனக்கு அங்க இருக்கு" என்று ஒரு பேனாவை என் கையில் வைத்தாள். நான்கு தரம் போடுகிற அளவு மருந்து உள்ளே இருக்கிற பேனா. முதல் தரத்தை அவளே எங்கள் வீட்டில் வைத்துப் போட்டிருந்தாள். அதன் அளவு 7.5.

7.5 என்றால் என்ன, எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் பல மாதம் ஏறி வந்து நின்ற படி அது. தொடங்குகிற எவருக்கும் 2.5 மில்லிகிராம்தான் முதல் படி, அதுவும் நான்கு கிழமைக்கு. அந்த 2.5 மெலிய வைப்பதற்கென்று தருவதல்ல, உடம்பைப் பழக்குவதற்கு. பிறகு 5. அதற்கு மேலே தேவைப்பட்டால், ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு கிழமை நின்று, 7.5, 10, 12.5, கடைசியாக 15. நான் மூன்றாம் படியில் காலை வைத்து ஏறினேன். ஏறவில்லை, விழுந்தேன்.

புதன்கிழமை இரவு, விளக்கடியில் இருந்து புது ஊசி மாட்டினேன். குமிழைத் திருகினால் சின்னக் கண்ணாடிக்குள் 1 என்று வரும். தொப்புளுக்கு நான்கு விரல் தள்ளி வைத்து அழுத்தி, ஐந்து எண்ணினேன். 1 திரும்ப 0 ஆனது. நுளம்பு கடித்த அளவுகூட நோகவில்லை. "இவ்வளவுதானா?" என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

வெள்ளி காலை புட்டு அவிகிற மணத்துக்கு ஓங்காளம் வந்தது. பிறகு சத்தி. தண்ணீர் குடித்தாலும் சத்தி. சனிக்கிழமையும் அப்படியே. ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடு, வழமைபோல் சீனியை இறக்குகிற கிளிக்ளசைட் குளிசையையும் பிறஷர்க் குளிசையையும் மட்டும் தவறாமல் விழுங்கினேன். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள், இந்தக் கணக்கில் கோட்டை விட்டேன். சனி பின்னேரம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, அப்படியே இருந்துவிட்டேன். இவர் சீனித் தேத்தண்ணி பருக்கி, ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீனி 48 க்கு இறங்கியிருந்தது.

வாட்டில் ஒரு இளம் டொக்டர் கேட்டார்: "அம்மா, கிளினிக் குளிசையைத் தவிர வேற ஏதும் எடுத்தனீங்களா?" இல்லை என்றேன். நாட்டு மருந்து? இல்லை. அடுத்த நாள் முழுதும் அந்தப் பொய்யோடு சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். கிழவிக்கு மெலிகிற ஆசையா என்று சிரிப்பார்களே என்ற வெட்கம்தான். இவர் பொறுக்கமாட்டாமல் பேனாவைக் கொண்டுவந்து மிஸியிடம் காட்டிய பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியற்றினினும் இரத்தத்தில் ஏறியிருந்தது. நீர் வற்றின உடம்பில் சிறுநீரகம் எவ்வளவு பாடுபடும் என்று டொக்டர் சொன்னபோது நான் தலை நிமிரவில்லை.

அளவு கூடியதற்கு ஏசினார். அதைவிடக் கூட ஏசியது மச்சாள் பாவித்த பேனாவை நான் பாவித்ததற்கு. "ஊசியைப் புதுசா மாத்தினனான் தானே டொக்டர்" என்றேன். ஊசியை மாற்றினாலும், குத்துகிறபோது கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் பேனாவுக்குள் திரும்பி வரலாம், அதோடு நோயும் வரலாம் என்றார். ஒரு பேனா ஒரு ஆளுக்குத்தான். தாயும் மகளும் என்றாலும் சரி, புருசன் பெண்சாதி என்றாலும் சரி.

பிறகு கிளினிக்கில் வைத்திய நிபுணர் ஏன் இப்படிப் படிப்படியாக என்று பொறுமையாகச் சொன்னார். இந்த மருந்து வயிற்றிலிருந்து சாப்பாடு இறங்குவதை மெதுவாக்கும், மூளைக்குப் பசியையும் குறைத்துக் காட்டும். பழகாத வயிறு முதலில் எதிர்க்கும், அதுதான் ஓங்காளமும் சத்தியும். போட்ட மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து நாள் பிடிக்கும். ஏழாம் நாள் அடுத்ததைப் போடுகிறபோது முந்தியதன் மிச்சம் உள்ளே நிற்கும். நான் வயல்காரன் மகள், எனக்கு இப்படித்தான் விளங்கியது: முந்தின தண்ணீர் வயலில் நிற்க, திரும்ப மடையைத் திறக்கிறோம். நாலைந்து கிழமை போனால்தான் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வரும். அந்த மட்டத்தைப் பார்க்காமல் வாய்க்காலை அகலமாக வெட்டினால் வரம்பு என்னாகும்?

செமாகுளூடைட் என்கிற மற்ற ஊசிக்கும் இதே முறைதான். வெகோவி என்ற பெயரில் வருவது 0.25 இல் தொடங்கி, நான்கு நான்கு கிழமையாக 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறும். இரண்டு மருந்தின் இலக்கங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது. ஒன்றின் 2.5 தொடக்கப் படி, மற்றதன் 2.4 ஐந்தாம் படி. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எல்லாரும் உச்சிப் படிக்கு ஏறத்தான் வேண்டும் என்றும் இல்லை. டிர்செபடைட் பற்றி 2022 இல் வெளியான பெரிய ஆய்வில் 2,539 பேர் இருந்தார்கள், 72 கிழமை நடந்தது. 5 மில்லிகிராமிலேயே நின்றவர்களுக்குச் சராசரியாக 15 வீதம் நிறை குறைந்தது. 15 மில்லிகிராம் போட்டவர்களுக்கு 20.9 வீதம். மூன்று மடங்கு மருந்துக்கு மூன்று மடங்கு மெலிவு வரவில்லை, பார்த்தீர்களா? அந்த ஆய்வில் சீனி வருத்தக்காரரைச் சேர்க்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நடந்த இன்னோர் ஆய்வில் மெலிவு இதைவிடக் குறைவு. மச்சாளுக்குச் சீனி இல்லை. அவளுடைய பதினெட்டுக் கிலோவை நான் என் கணக்கில் எழுதியதே பிழை.

இரண்டு மாதம் கழித்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதித்து, கிளிக்ளசைட்டைப் பாதியாகக் குறைத்து, எனக்கென்றே டொக்டரின் சீட்டோடு எடுத்த பேனாவில் 2.5 தொடங்கினேன். நான்கு கிழமை. சத்தி இல்லை, மூன்றாம் கிழமை கொஞ்சம் மலச்சிக்கல். பிறகு 5. இரண்டாவது கிழமையில் ஓங்காளம் தலைகாட்ட, "அடுத்த படிக்கு அவசரமில்லை, இதிலயே நில்லுங்கோ" என்றார். இன்றுவரை 5 இல்தான் நிற்கிறேன். நிறை 79. இடியப்பம் நாலோடு வயிறு போதும் என்கிறது. மெதுவாகச் சாப்பிட்டு, எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு, தண்ணீரை வாய்வாயாகக் குடித்தால் பெரிய கரைச்சல் இல்லை. கோப்பையில் சோறு மிஞ்சுகிறது. அதைக் கோழிக்குக் கொட்டப் பழகியது ஊசி போடப் பழகியதைவிடக் கஷ்டம்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு கரைச்சல் இருக்கிறது. திறக்காத பேனா 2 முதல் 8 பாகை குளிருக்குள் இருக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கினால் 30 பாகைக்கு மேல் போகாத இடத்தில், 30 நாள் மட்டும். வன்னியில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே 30 பாகை எங்கே இருக்கிறது? காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் வர இரவாகும். அதற்குப் பயந்து ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவைப்பவர்களும் உண்டு. ஒருதரம் உறைந்தால் பிறகு இளகினாலும் அதை எறிய வேண்டியதுதான். கட்டுநாயக்காவில் இறங்கி, வானில் ஏழெட்டு மணித்தியாலம் வந்து, ஒருவர் வீட்டு மேசையில் இரண்டு நாள் கிடந்து, பிறகு பஸ்ஸில் வருகிற பேனா எத்தனை பாகையைப் பார்த்திருக்கும்?

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கும் ஒன்று. நீங்கள் பாசத்தில்தான் அனுப்புகிறீர்கள், தெரியும். ஆனால் நீங்கள் அனுப்புவது நீங்கள் நிற்கிற படி. இங்கே வாங்குகிறவர் நிலத்தில் நிற்கிறார். பேனாவோடு சீட்டும் வராது, நாலு கிழமைக்கு ஒருதரம் எப்படி இருக்கிறது என்று கேட்கிற தாதியும் வரமாட்டார். சொக்லேற் அனுப்புங்கள். அதுவும் எனக்கு வேண்டாம், பேரப்பிள்ளைக்கு.

கிளினிக்கில் இருக்கிற டொக்டர்மாரிடம் ஒரு விண்ணப்பம். "நாட்டு மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில் "வெளிநாட்டு ஊசி ஏதும் போடுறீங்களா?" என்றும் கேளுங்கள். கேட்டால் வெட்கம் பாதி போய்விடும். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கிறவருக்கும் இது தெரிய வேண்டும், வயிற்றில் சாப்பாடு வழமையைவிட நேரம் நிற்பதால்.

இனி அந்தத் தங்கச்சிக்கு. பிள்ளை, ஒரு கிழமை தவறினால், நாலு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், அதற்குப் பிந்தினால் அந்தக் கிழமையை விட்டுவிட்டு அடுத்த முறைக்குப் போடு என்பார்கள். இரண்டு மாதம் விட்டது அப்படியல்ல. உன் உடம்பில் பழைய மருந்து ஒன்றும் மிச்சமில்லை, பழகின வயிறும் திரும்பப் புதுசாகிவிட்டது. விட்ட 5 இலேயே தொடங்குவதா, 2.5 க்கு இறங்குவதா என்பதைக்கூட டொக்டர்தான் சொல்ல வேண்டும். 10 உனக்கு இப்போது படியே இல்லை. குமிழைப் பாதி திருகி, கிளிக் எண்ணிக் குறைத்துப் போடலாம் என்று யாராவது வீடியோவில் காட்டினால் நம்பாதே, அந்தப் பேனாவை அப்படிப் பாவிக்கச் செய்யவில்லை. பிள்ளை பிறக்காமல் இருக்கக் குளிசை எடுக்கிறாயென்றால், இந்த ஊசி தொடங்கிய நான்கு கிழமையும், ஒவ்வொரு படி ஏறிய பிறகு நான்கு கிழமையும் அந்தக் குளிசையை மட்டும் நம்ப முடியாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேள். மேல்வயிற்றில் கடும் நோவு வந்து முதுகுக்கு இழுத்தால் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே.

சின்னவளின் பிறந்தநாள் நல்லபடி முடியட்டும். கேக்கும் சாப்பிடு. அடுத்த நாள் அந்தக் குளிர்ப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போ. நான் மாதத்தில் இரண்டாவது செவ்வாய் அங்கே இருப்பேன், ஊதா நிறக் குடை. வெட்கமாக இருந்தால் எனக்குப் பக்கத்தில் வந்து இரு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விசுவமடு.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். தயவுசெய்து வெளியிட வேண்டாம். மச்சாளும் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறவள்.)