கிராமத்து யுனிவர்சிட்டியும் கடைசி பஸ்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிராமத்துப் பக்கம் இருக்கற அரசு யுனிவர்சிட்டின்னாலே ரேங்க் இல்ல, பிளேஸ்மென்ட் இல்லன்னு ஒதுக்கிடறாங்க, ரொம்ப வருத்தமா இருக்குங்க. யுனிவர்சிட்டி படிப்பு பத்தி ஆராய 1948ல அமைச்ச ராதாகிருஷ்ணன் கமிஷனே கிராமங்களுக்குன்னு பல்கலைக்கழகம் வேணும்னு சொல்லுச்சு. டாக்டர் சௌந்திரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் வளர்த்த, திண்டுக்கல் பக்கத்துல இருக்கற காந்திகிராமத்துல 1956ல கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்துச்சு, 1976ல அதுக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்தும் கிடைச்சுது. கிராமத்துப் புள்ளைங்க வீட்டை விட்டு ரொம்ப தூரம் போகாம பெரிய படிப்பு படிக்கணும்கறது சின்ன விஷயமா?

என் பொண்ணு வேற ஒரு யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிக்கறா, எங்க வீட்ல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆள் அவதான். லேப்ல பியூரெட்ங்கற கண்ணாடிக் குழாய்ல இருந்து சொட்டு சொட்டா விட்டு, கலர் மாறப்போற நேரத்துல மணியைப் பாத்துட்டு அப்படியே வச்சுட்டு ஓடி வரணுமாம், ஏன்னா அந்த பஸ்ஸை விட்டா இருட்டினப்புறம்தான் அடுத்தது. இதுல ரெண்டு பேப்பருக்கு நிரந்தர வாத்தியாரே கிடையாது, கெஸ்ட் லெக்சரர்தான், பாவம் அவங்களுக்கும் சம்பளம் மாசா மாசம் வர்றதில்ல, ஆனாலும் லீவு நாள்ல கூட வந்து சொல்லித்தர்றாங்க, அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்.

ரேங்க் போடறவங்க இந்தப் புள்ளைங்க எங்கிருந்து வர்றாங்கன்னு பாக்கட்டும். காலியிடத்தை நிரப்பச் சொல்லி, லேப் முடியற நேரத்துக்கு ஒரு பஸ் விடச் சொல்லி உங்க பத்திரிகை எழுதணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா